வலியைப் பார்த்துக்கொள்பவர்

பனிச்சறுக்கு நடனப் பயிற்சியாளர் எஸ்தர், பனித்தளத்தின் ஓரத்தில் நின்று தம்மிடம் பயிலும் பெண்களுக்குக் கற்பித்த சட்டம் ஒன்றே: "நீ ஆடு. வலியை நான் பார்த்துக்கிறேன்." பசிக்கிறது என்று அவர் சொன்னால் பசித்தது, களைப்பில்லை என்று அவர் சொன்னால் களைப்பில்லை. "மேடம் தும்மினாத்தான்டி நமக்குச் சளி பிடிக்கும்" என்று உடைமாற்றும் அறையில் சிரித்துக்கொள்வார்கள். சிரித்தபடியே பதக்கங்களையும் வென்றார்கள். தேசியப் போட்டிக்கு முந்தைய வாரம், காற்றில் சுழன்று இறங்கிய நிறைமதி எழவில்லை. மருத்துவமனையில் அவளுடைய சறுக்குக் காலணியை வெட்டித்தான் எடுத்தார்கள். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. உடன் வந்த எஸ்தரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, மருத்துவர் அவள் பாதத்தை மெல்ல அழுத்தினார். "வலிக்குதாம்மா?" பெருவிரலை அழுத்தினார். "இங்கே? மறைக்காதே. நீ சொல்றதை வச்சுத்தான் இந்தக் காலைக் காப்பாத்தணும்." நிறைமதி மூடிய கதவைப் பார்த்தாள், பிறகு யாருடையதோ போலத் தன் காலைப் பார்த்தாள். "மேடம் வெளியிலதான் இருக்காங்க, டாக்டர்" என்றாள் மரியாதையாக. "கேட்டுச் சொல்லட்டுமா?"