பத்தாயிரம் குதிரை

ஸ்டுடியோ லாயத்தில் இரண்டே குதிரைகள். கிழட்டுக் குதிரை கவரி, புதிதாக வந்த சுல்தான்.

"டிவியில் வந்த முதல் ராஜா கதைத் தொடரில் நான்தான் சேனை" என்றது கவரி. "அப்போது இருந்தது நான் ஒருவன்தான். கேமராவுக்கு முன்னால் ஓடுவேன். பின்பக்கமாகச் சுற்றிவந்து மறுபடியும் ஓடுவேன். சுற்றுக்குச் சுற்று முதுகுத் துணியை மாற்றுவார்கள். நூறு குதிரை போனதாக ஊரே நம்பியது."

"கால் நொண்டியானதும் அதில்தானா, பெரியவரே?"

"ஆமாம். மூன்றாவது சுற்றில் கேமரா வயர் தடுக்கி இடது முன்னங்கால் பிசகியது. மீதிச் சுற்றையும் ஓடித்தான் நின்றேன்."

சுல்தான் கனைத்துச் சிரித்தது. "எங்கள் தொடரில் பத்தாயிரம் குதிரை! எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது. இனி உங்களை யார் நினைக்கப்போகிறார்கள்? நாளைக் காலையில் உங்களை ஏற்றிப்போக லாரி வருகிறதாம்."

கவரி நொண்டிக் காலை மெல்ல மாற்றி ஊன்றியது.

சாயங்காலம் லாயக்காரர் காதர் டிவியைப் போட்டார். புதுத் தொடரின் போர்க்களம். மலைச்சரிவில் பத்தாயிரம் குதிரைகள் பாய்ந்து இறங்கின. அத்தனையும் இடது முன்னங்காலை லேசாக நொண்டின.

"பழைய தொடரோட டேப்பைப் பாத்துத்தான் கம்ப்யூட்டர்ல ஓட வச்சாங்களாம்" என்றவர், சட்டென்று எழுந்து நின்றார். "அடேயப்பா! இது நம்ம கவரி ஓட்டமாச்சே!"

சுல்தானின் வாயில் புல் அப்படியே நின்றது.

கவரி பிடரியைச் சிலுப்பிக்கொண்டது.

"லாரி வரட்டும்" என்றது. "ஆனால் ஒரு லாரி பத்தாதே!"