ஐந்து எண்ணும்வரை

டிரம்மை இரண்டாகப் பிளந்து செய்த கரியடுப்பில் ஆட்டுத்தொடை அரை நாள் நின்று வேக வேண்டும். கம்பிக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்து ஐந்து எண்ணும்வரை தாங்கினால் சூடு சரி. அதற்குள் சுட்டால் காற்றுத்துளையை அடைக்க வேண்டும். அதற்கு மேலும் தாங்கினால் கரி போட வேண்டும். பக்தவத்சலம் தன் மனைவி சந்திரமதிக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

சுனாமி அலை கொண்டுபோன அவர், எட்டு மாதம் கழித்துப் போன வாரம்தான் கார் நிக்கோபார் தீவுக்குத் திரும்பியிருந்தார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"சூடு பாருங்க" என்றாள்.

அவர் கையை நீட்டினார். "ஏக், தோ, தீன்..." எப்போதும் இந்தியில்தான் எண்ணுவார். ஐந்து தாண்டியது, இருபது தாண்டியது. கரி செக்கச்செவேலென்று கனன்றது. உலர்ந்த அந்த உள்ளங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து கம்பியில் உப்புப் பூத்தது.

"பத்தல மதி. கரி போடு."

போட்டாள். மறுபடி எண்ணினார். மறுபடி போட்டாள். தொடை கருகி எலும்பு வெடித்தது.

"என் கை சரியில்ல போல" என்றவர், அவர்கள் குடியிருந்த கொட்டகைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. உன் கையைக் குடு."

குழந்தை ஓடி வந்தாள். சந்திரமதி முந்திக்கொண்டு தன் கையை நீட்டினாள். சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் கம்பிக்கு மேல் கொண்டுபோயின.

"ஏக்" என்று அவர் நிதானமாக ஆரம்பித்தார்.