மூன்றாவது பள்ளம்

"தாண்டிட்டீங்களா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"எங்க? பொம்மை மறுபடியும் பள்ளத்துல விழுந்துடுச்சு."

டிவியோடு இணைத்த அந்தப் பழைய வீடியோ கேமில் மூன்றாவது பள்ளத்தைத் தாண்டாமல் அவர் வேலைக்குக் கிளம்பியதே இல்லை. இருபது வருஷப் பழக்கம். இன்று ஐந்து முறை விழுந்தாயிற்று.

"பட்டன் பழசாயிடுச்சோ என்னவோ!" அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"நேத்து உன் பொண்ணு இதே பட்டன்லதானே அநாயாசமா தாண்டினா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்களேன்."

பார்த்தார். விழுந்தது. போனை எடுத்தார்.

"சிஸ்டர், பத்து மணி ஆபரேஷனை சின்ன டாக்டர் பண்ணட்டும். என் கை நடுங்குது."

"இன்னைக்கு மட்டும்தானே, டாக்டர்?"

விரல்களை நீட்டிப் பார்த்தார். நடுக்கம் கண்ணுக்கே தெரியவில்லை.

"இல்லம்மா. இனிமே எல்லாமே அவர்தான்."