பாழாய்ப்போன அரை மணி

டார்சி விமானப்படைக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் கைக்கடிகாரங்களைத் திருகிப் பார்த்தார். நாலு பார்த்தாகிவிட்டது, ஒன்றும் சரிப்படவில்லை.

சேல் ஊர் விமானத்தளத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கடிகாரம் விற்றவள் வெர்னா. அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"ஏம்ப்பா, எண்ணெல்லாம் பெருசு, வெயில்ல கண்ணாடி கூசாது, எவ்வளவு குலுங்கினாலும் ஓடும். இன்னும் என்ன, அதுவே விமானத்தையும் ஓட்டணுமா?"

"இதுவும் முழு முழு மணியாத்தான் நகருது, வெர்னா. எனக்கு அரை மணி வேணும்."

விமானிகளின் கடிகாரத்தில் வெளி வளையத்தைத் திருப்பி இன்னொரு ஊரின் நேரத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு 'டிக்'குக்கு ஒரு மணி நகரும். டார்சிக்கு வேண்டியதோ அடிலெய்டு நேரம். அது சேலுக்குச் சரியாக அரை மணி பின்னால் கிடக்கிறது.

அந்தப் பாழாய்ப்போன அரை மணிதான் அவரையும் மகளையும் பிரித்தது.

இருபத்தாறு வருஷம் பறந்தவர். குறித்த இடத்துக்குக் குறித்த நொடியில் போய்ச் சேருவதில் அவரை அடிக்க ஆளில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அடிலெய்டில் மகள் பிரையோனியின் கல்யாண விருந்து. எங்கோ பாலைவனத் தளத்தில் இருந்த அப்பா போனில் வாழ்த்திப் பேசுவதாக ஏற்பாடு. மனிதர் எல்லாவற்றையும் முழு மணியாகவே கணக்குப் போட்டுப் பழகியவர், அரை மணி முன்னதாகக் கூப்பிட்டுவிட்டார்.

ஆளில்லாத மண்டபத்தில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்து அவர் பறந்தாக வேண்டும். பறந்துவிட்டார்.

சொன்ன நேரத்தில் அத்தனை விருந்தாளிகளும் வாயை மூடிக்கொண்டு போனையே பார்த்திருந்தார்களாம். நடுவில் மணப்பெண்.

அதோடு பேச்சு நின்றது.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு, என் ஊர் நேரம், ஒரே ஒரு தடவைதான் என்று பிரையோனி எழுதியிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. கடைச் சுவரில் பன்னிரண்டு இருபது.

"செல்போன்லேயே அந்த ஊர் நேரம் தெரியுமேப்பா?"

"தெரியும். ஆனா பதட்டம் வந்தா நான் மணிக்கட்டைத்தான் பார்ப்பேன்."

வெர்னா அதற்குமேல் கேலி செய்யவில்லை. குனிந்து, அடி இழுப்பறையைக் குடைந்து ஒன்றை எடுத்தாள். கறுப்பு முகம், தடித்த வளையம். ஒரே ஒரு 'டிக்' திருப்பினாள்.

அரை மணி.

டார்சிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் கடை வாசலுக்கு ஓடினார்.

முள் பன்னிரண்டரைக்கு வந்தது. வளையத்தில் பன்னிரண்டு. கையுறையைக் கழற்றினார். செல்போனில் மகளின் எண்ணை எடுத்தார். அழுத்தினார்.

முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை.

"அப்பா..." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரியான நேரத்துக்குக் கூப்பிட்டுட்டீங்களே! எப்படியும் அரை மணி முன்னாடியே கூப்பிடுவீங்கன்னு, நான் பதினொன்னரைலேருந்து போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."