நிமிடத்துக்குப் பதினான்கு

தீவிர சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பரிசோதிப்பது நர்ஸ் ஜோதிகாவின் வேலை. அன்று காலை ராயபுரத்தில் கைருதீன் வீட்டுக்குப் போனாள். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபத்துமூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவர்.

நினைவாற்றல் நன்றாக இருந்தது. கைப்பிடியும் பலமாக இருந்தது. உட்கார்ந்திருந்தபோது நிமிடத்துக்குப் பதினான்கு முறை மூச்சு விட்டார். சந்தில் ஆறு நிமிடம் வேகமாக நடக்க வைத்து மறுபடி எண்ணினாள். பதினான்கு. மாடிப்படியை மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னாள். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியது. நெஞ்சு மட்டும் அவசரப்படவில்லை. அப்போதும் பதினான்குதான். ஜோதிகா பழைய கோப்பைப் புரட்டினாள். வென்டிலேட்டரில் அவருக்கு நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்று வைத்திருந்த அளவும் அதே எண்தான்.

"மறுபடி வேலைக்குப் போலாங்களா சிஸ்டர்?" என்று அவர் சிரித்தபடி கேட்டார். போகலாம் என்றாள், கோப்பை மூடிக்கொண்டே.

வாசல்வரை அவர் மனைவி சைதுன்னிசா கூடவே வந்தார்.

"தூங்கறப்பவும் அதே கணக்குத்தானுங்க. அவங்கம்மா மௌத்தான அன்னிக்கு அப்படி அழுதாங்க, அப்பவும் அதேதான். நான்தான் பக்கத்துல உக்காந்து எண்ணிட்டே இருந்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன மாசத்துல இருந்து எனக்கும் அப்படியே ஆயிப்போச்சுங்க. நீங்க உங்களுத மட்டும் எண்ணிப் பாத்துராதீங்க."

ஜோதிகா பேருந்து நிறுத்தம்வரை ஓடினாள். நின்றபோது கால்கள் நடுங்கின. மூச்சு மட்டும் வாங்கவே இல்லை.