தோப்பில் அரைமணி நேரம்

பாக்குத் தோப்பில் வெயில் சாய்ந்திருந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த தம்பிதுரையின் எதிரே அவர் மனைவி அன்புக்கரசி.

"ஏனுங்க, தெக்காலக் காட்டுக்குத் தண்ணி உட்டீங்களா?"

"உட்டாச்சு அம்மணி. நீ கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சுப்போட்டேனுங்க."

அவர் தோளைத் தொடக் கை நீட்டினாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அரைமணி ஆச்சுங்கம்மா" என்று சுரேந்தர் அவள் கண்ணிலிருந்த வி.ஆர். கண்ணாடியைக் கழற்றினான். தோப்பு போய், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டு வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், பக்கத்தில் சலைன் பாட்டில்.

காந்திபுரத்தில் ஒரு வீட்டு மனைக் கம்பெனியில் வேலை சுரேந்தருக்கு. இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளை இந்தக் கண்ணாடியில்தான் காட்டுவான். ஊரடங்கில் ஆபீஸ் மூடியதும், சொந்தக்காரர் முகம் பார்க்க முடியாத நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, கவச உடை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்துவிட்டான்.

அன்புக்கரசி முதல் மூன்று நாள் மாத்திரையைக்கூடத் துப்பினாள். "செத்தா ஊட்டுல சாகறேன், உட்டுருங்க" என்று ஒரே பிடிவாதம். இ-பாஸ் வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் போன சுரேந்தர் தோப்பைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தான். தம்பிதுரையிடமும் ஒரு கண்ணாடி கொடுத்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவர் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் தோப்புக்குள் வந்தார்கள். அவர் உருவம் பொம்மை மாதிரி, முகம் அசையாது. குரல் மட்டும் அவருடையதேதான். அந்த அரைமணிக்காக அவள் மாத்திரை விழுங்கினாள். குப்புறப் படுக்கச் சொன்னால் படுத்தாள்.

எட்டாம் நாள் பேசிக்கொண்டிருக்கையில் வராந்தாவில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள்.

"என்னது, தட்டு உழுந்துருச்சா?" என்றார் தம்பிதுரை.

அவளுக்குச் சத்தம் இரண்டு தடவை கேட்டது போலிருந்தது. மிசின் கோளாறு என்று விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் டாக்டர் சிரித்த முகமாக வந்தார். நாலு மணிக்குத் தோப்புக்குள் போனதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏனுங்க, நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பறாங்களாமுங்க!"



"போ அம்மணி. போயி நேரத்துக்குச் சாப்புடு."

மறுநாள் காலை தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் காத்திருந்தாள். சுரேந்தர் வெறுங்கையோடு வந்தான்.

"அவரு வந்துட்டாருங்களா கண்ணு? கீழ நிக்கறாரா?"

சுரேந்தர் அவள் காலடியில் மண்டியிட்டான்.

"அம்மா... அய்யா விடிகாலைல தவறிட்டாருங்கம்மா."

அவள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

"நேத்து பேசினாரே... அத்துவானத் தோப்புல ஒத்தையிலயா போனாரு? வாய்க்குத் தண்ணி ஊத்தக்கூட ஆளில்லாம?"

"ஊட்டுல இல்லீங்கம்மா. சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிப்போட்டாரு."

"அப்ப எங்கதான் இருந்தாரு?"

சுரேந்தரின் உறை மாட்டிய கை அவள் தலைமாட்டைக் காட்டியது.

"ஏழு நாளா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க படுத்திருந்தாரு."