ஒண்ணரை மணிக்கூர்

"அம்மைகிட்ட இப்படிக் கள்ளம் சொல்லலாமாடா?" விஜயலக்ஷ்மி தம்பியை அடுக்களை வாசலிலேயே மடக்கினாள்.

"மெதுவாப் பேசுக்கா. அம்மா காதுல விழுந்துரப் போகுது" என்றான் ஹரிகுமார்.

அவன் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கோலாலம்பூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். அதை அப்படியே சொன்னால் அம்மா பகவதியம்மாள் விடமாட்டாள். நாலு வருஷம் முன்னால் பெங்களூரில் வந்த வேலையை, "பதினாறு மணிக்கூர் ரயிலா? ஒரு அவசரம்னா எப்படி வருவே?" என்று அழுதே இல்லாமல் ஆக்கியவள்.

அதனால், தீபாவளிக்கு ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டைக் காட்டினான். காலை எட்டரைக்குக் கோலாலம்பூரில் கிளம்பினால் பத்துக்குத் திருவனந்தபுரம். கோலாலம்பூர்க் கடிகாரம் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஒண்ணரை மணிக்கூர்தானா? நாகர்கோவில் பஸ்ஸே ரெண்டு மணிக்கூர் ஆக்குது. இது கிட்டதாம்லா. போயிட்டு வா மக்களே."

விஜயலக்ஷ்மிக்குத்தான் பொறுக்கவில்லை. "எம் மவன் நாகர்கோவிலைவிடக் கிட்டதான் போறான்னு நம்ம கரமனைத் தெரு பூரா சொல்லிக்கிட்டு நடக்கா, பாவம். பெத்தவளை ஏமாத்திட்டு அங்க போய் உனக்குச் சோறு எறங்குமா?"

"வேற வழி இருந்தா சொல்லுக்கா."



கிளம்புகிற அன்று காலை பதினோரு மணி விமானம். "எறங்கினதும் ஒரு போன் பண்ணு" என்றாள் அம்மா. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஹரிக்கு உறைத்தது. அவள் கணக்குப்படி பன்னிரண்டரைக்கே போன் வர வேண்டும்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினான். 'மூணு மணி வரை எப்படியாவது சமாளி.'

'கள்ளம் சொன்னது நீ. நீயே சமாளி' என்று பதில் வந்தது.

பன்னிரண்டரைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணிக்குப் பார்த்தான். ரெண்டுக்குப் பார்த்தான். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு பதறுவது கண்முன்னால் வந்தது. சாப்பிடக் கொடுத்ததைத் தொடவில்லை. அக்கா சொன்னது பலித்துவிட்டது.

மூன்று மணிக்கு இறங்கிப் போனைப் போட்ட கையோடு மணி அடித்தது. அம்மா.

"எறங்கியாச்சா மக்களே?"

"அப்பவே வந்துட்டேன்மா. போன்ல சார்ஜ் இல்லே, அதான்..."

"செரி, செரி. நல்லபடியா சேந்தியே, அது போதும்" என்றாள். "பெங்களூருக்கு உன்னை விடாதது எனக்கு இன்னும் உறுத்திட்டுத்தான் இருக்கு. இந்தத் தடவையாவது நீ போனியே."

அவள் விட்டாளே என்கிற நன்றியும், ஏமாற்றித்தானே வந்தோம் என்கிற கூச்சமும் ஹரிக்குச் சேர்ந்தே வந்தன.

"பின்னே, மக்களே" என்றாள் அம்மா. "கையில உள்ள வாச்சை ரெண்டரை மணிக்கூர் முன்னால தள்ளி வச்சுக்கோ. மொத நாளே ஜோலிக்குப் பிந்திரப்பிடாது."